எலும்புக்கு ஹார்மோனா, வார மாத்திரையா, ஊசியா? நிறுத்தும் நாளை முதலில் கேளுங்கள்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையோடு இரண்டு மருத்துவர்களைப் பார்த்தால், இரண்டு விதமான யோசனையோடு வீடு திரும்புவார். மகளிர் மருத்துவர் ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாம் என்பார். எலும்பு மருத்துவர் வாரம் ஒரு மாத்திரை, இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்பார். இருவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் அவசரத்தில் இருவருமே சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: இந்த மருந்தை நிறுத்தினால் எலும்பு என்ன ஆகும்?

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே பொருந்தும். இங்கே மருந்து நிற்பது பெரும்பாலும் மருத்துவர் சொல்லி அல்ல. ஊருக்குப் போனவர் இரண்டு மாதம் தங்கிவிடுவார். மகனுக்கு வேலை மாறி வாஷியிலிருந்து புனேக்குக் குடி பெயர வேண்டி வரும். ‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீண் செலவு’ என்று பாட்டியே ஒரு நாள் முடிவு செய்துவிடுவார். ஒரு மருந்து அப்படி நின்றால் பெரிய சேதமில்லை. இன்னொன்று நின்றால் ஒரே வருடத்தில் முதுகெலும்பு இரண்டு மூன்று இடங்களில் நொறுங்கலாம். எலும்பைக் காப்பதில் எது வலுவானது என்று பார்ப்பதைப் போலவே, எதை நம் வாழ்க்கை தாங்கும் என்றும் பார்த்தாக வேண்டும்.

அறிக்கையில் எந்த எண்ணை நம்புவது

‘எலும்பு தேய்ஞ்சுபோச்சு’ என்று நாம் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். முட்டி வலித்துப் படியேற முடியாமல் போவது மூட்டுத் தேய்மானம். அங்கே கெடுவது குருத்தெலும்பு. இங்கே பேசுவது எலும்பு மெலிவு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். ஒடியும் வரை இதற்கு வலியே கிடையாது. முட்டி வலிக்காக யாரும் ஹார்மோனோ, அலெண்ட்ரோனேட் என்ற வார மாத்திரையோ எடுக்க வேண்டியதில்லை. எடுத்தாலும் வலி போகாது.

டெக்ஸா அறிக்கையில் டி-ஸ்கோர் என்பது இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்ட அளவு. -1 வரை இயல்பு. -1க்கும் -2.5க்கும் நடுவே இருந்தால் அடர்த்திக் குறைவு. -2.5ம் அதற்குக் கீழும் எலும்பு மெலிவு. பக்கத்தில் இருக்கும் இசட்-ஸ்கோர் அதே வயதுக்காரர்களோடு ஒப்பீடு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மருந்து முடிவெடுக்க அது உதவாது. எழுபது வயதில் முதுகெலும்பு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. வயதானால் முதுகெலும்பின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளரும். கருவி அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எலும்பு திடமாக இருப்பதுபோலக் காட்டிவிடும். முதுகு -1.2, இடுப்பு -2.8 என்று வந்தால் இடுப்பைத்தான் நம்ப வேண்டும். சொசைட்டி முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் எண்ணை நம்பி மருந்து தொடங்குவது சரியல்ல. அது டெக்ஸா எடுக்கத் தூண்டினால் போதும்.

எண் எதுவாக இருந்தாலும், நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே இடுப்போ முதுகெலும்போ ஒடிந்திருந்தால் அது எலும்பு மெலிவுதான். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை வலி தெரியாமலேயே நடந்துவிடும். வழக்கமாகக் கட்டுகிற மாதிரியே கட்டிய சேலையின் கொசுவம் தரையில் புரள ஆரம்பித்தால் உயரத்தை அளந்து பாருங்கள். 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதில் ஒரு முறிவு தெரிந்துவிட்டால் மருந்துத் தேர்வே மாறிப்போகும்.

எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், விட்டமின் டி, டி.எஸ்.ஹெச்., ரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். எதற்கென்றால், தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான். பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த 100 மைக்ரோகிராமை உடல் எடை குறைந்த பிறகும் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தால் டி.எஸ்.ஹெச். அடிமட்டத்துக்குப் போய்விடும், எலும்பு கரையும். இப்படிப்பட்டவருக்கு முதல் சிகிச்சை அந்த அளவைச் சரிசெய்வது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களின் கதையும் இதுதான்.

ஹார்மோன்: ஐம்பதுகளில் வலுவான கட்சி, அறுபத்தைந்தில் இல்லை

எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் கடிவாளம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் அந்தக் கடிவாளம் அறுந்து, எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் தொடங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47லேயே. நம் பெண்களுக்கு நான்கைந்து வருடம் முன்னதாகவே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

‘ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும்’ என்ற பயம் பரவியதற்குக் காரணம் 2002 ஜூலையில் வெளிவந்த அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வு. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுமாக 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். பத்தாயிரம் பேர் ஒரு வருடம் மருந்தை எடுத்தால் எவ்வளவு என்ற கணக்கில், இடுப்பு முறிவு 5 குறைந்தது. மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டு 8, மாரடைப்பு 7 கூடின. இந்த எண்களை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும், மருந்து அன்றைய குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த 0.625 மி.கி. ஈஸ்ட்ரோஜனும் 2.5 மி.கி. செயற்கைப் புரோஜெஸ்டினும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களை ஈஸ்ட்ரோஜன் மட்டும் வைத்துச் சோதித்த பகுதி 2004ல் வந்தது. அதில் மார்பகப் புற்று கூடவில்லை, பக்கவாதம் கூடியது, இடுப்பு முறிவு குறைந்தது. இந்த ஆய்வில் இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. இந்தப் பெண்கள் எலும்பு மெலிந்தவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்ல. சாதாரண எலும்பு உள்ளவர்களிடமும் முறிவைக் குறைத்துக் காட்டிய மருந்துகள் மிகக் குறைவு; அந்தப் பெருமை ஈஸ்ட்ரோஜனுக்கு உண்டு.

ஆகவே அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் இருப்பவர், ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துத் தூக்கம் கெடுபவர், எலும்பும் -2 பக்கம் இறங்கியிருப்பவர் என்றால் ஹார்மோன் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதே மருந்தை 68 வயதில் எலும்புக்காக மட்டும் புதிதாகத் தொடங்குவது தவறான பேரம். அந்த வயதில் பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவற்றின் விலை ஏறிவிடுகிறது, முறிவைத் தடுக்க வேறு நல்ல மருந்துகளும் இருக்கின்றன. மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், காலில் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் எந்த வயதிலும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

கிட்டத்தட்ட யோசிக்காமலே ஹார்மோன் என்று சொல்லக்கூடிய ஒரு கூட்டமும் இருக்கிறது. நாற்பதையொட்டி கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்கள். பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து, அறுவை சிகிச்சையின் பெயரோடு பி.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அன்றைக்கே ஈஸ்ட்ரோஜன் வரத்து நின்றுவிட்டது. பல பெண்களுக்கு இது தெரியாது. ‘பை எடுத்தாச்சு’ என்று மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவர் வேறு தடை இல்லாத பட்சத்தில், இயல்பாக மாதவிடாய் நிற்க வேண்டிய வயது வரையாவது ஹார்மோன் எடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. 2002 ஆய்வின் பயத்தை இவர்கள் மேல் ஏற்றுவது அநியாயம். இவர்கள் உடம்பு இழந்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.

எடுக்கும் முறையிலும் தேர்வு இருக்கிறது. எஸ்ட்ராடையால் மாத்திரை நாளொன்றுக்கு 1 அல்லது 2 மி.கி. வாயால் விழுங்கும்போது ஈரல் வழியே போவதால் ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. தோலில் தடவும் ஜெல்லுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. ரத்த அழுத்தம், பருமன், கால் நரம்புச் சுருள் உள்ளவர்களுக்கு ஜெல்தான் நல்லது. 0.06 சதவீத ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மி.கி. மருந்து. குளித்துத் துடைத்து, வியர்வை அடங்கிய பிறகு மேல்கையின் வெளிப்புறத்திலோ உள்தொடையிலோ தடவி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். மார்பில் தடவக் கூடாது. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடவிய ஒரு மணி நேரத்துக்குப் பேரக்குழந்தையை அந்தக் கையில் ஏந்தக் கூடாது, மருந்து குழந்தையின் தோலுக்கும் போகும். மே மாத மும்பையில் மின்விசிறி இல்லாத சமையலறைக்குப் போகும் முன் தடவினால் பாதி வியர்வையோடு வழிந்துவிடும்.

கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. உள்வரிச் சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். அதற்காகத்தான் இரவில் 100 மி.கி. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் தினமும், அல்லது மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மி.கி. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. புரோஜெஸ்டிரோன் தூக்கத்தைத் தரும், வயிறு உப்பும். அதை மட்டும் நிறுத்திவிட்டு, ‘இதமா இருக்கு’ என்று ஜெல்லை மட்டும் தொடர்வார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ரத்தக்கசிவு இருந்தால் ஸ்கேன் கட்டாயம். இன்னொன்று: பெண்ணுறுப்பு வறட்சிக்குப் போடும் ஈஸ்ட்ரியால் கிரீம் எலும்புக்குப் போய்ச் சேராது. அதைப் போடுவதால் எலும்புக்கும் மருந்து எடுப்பதாக நினைப்பது ஏமாற்றம். சோயாச் சத்து மாத்திரைகளும் முறிவைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை.

சரி, நிறுத்தினால்? எலும்பு மறுபடி மாதவிடாய் நின்ற அன்றைய வேகத்தில் கரையத் தொடங்கும். கிடைத்த பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். அதனால் 52ல் தொடங்கி 58ல் நிறுத்துகிறவர், நிறுத்தும் சமயத்திலேயே டெக்ஸா எடுத்து, எண் மோசமாக இருந்தால் நேராக வேறு மருந்துக்குக் கைமாற வேண்டும். நிறுத்தியதோடு சரி என்று விட்டால், ஆறு வருடம் கட்டிய கரை அடுத்த மழையில் போகும்.

ஹார்மோனின் ஒன்றுவிட்ட உறவு என்று ராலாக்சிஃபீனைச் சொல்லலாம். தினம் 60 மி.கி. முதுகெலும்பு முறிவைக் குறைக்கும், மார்பகப் புற்றின் வாய்ப்பையும் குறைக்கும். இடுப்பு முறிவைக் குறைத்ததாக ஆய்வில் தெரியவில்லை. ரத்தக்கட்டு அபாயம் உண்டு, உடம்புக் கொதிப்பை இன்னும் கூட்டும். அறுபதையொட்டி, கொதிப்பெல்லாம் அடங்கி, முதுகெலும்பு மட்டும் இறங்கி, அக்காவுக்கோ அம்மாவுக்கோ மார்பகப் புற்று வந்திருந்தால் இது அழகாகப் பொருந்தும். டிபோலோன் மாத்திரை எலும்புக்கு நல்லதுதான், ஆனால் வயதான பெண்களிடம் பக்கவாதத்தைக் கூட்டியதால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு எங்கள் பரிந்துரைப் பட்டியலில் அது இல்லை.

வார மாத்திரை: மலிவு, பொறுமையான நண்பன், காலைக் காபிக்கு எதிரி

அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒன்று, அல்லது ரைஸெட்ரோனேட் 35 மி.கி. வாரம் ஒன்று. இந்தப் பட்டியலிலேயே மலிவானது இதுதான். 1996ல் வந்த ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு ஒடிந்த பெண்களிடம் அலெண்ட்ரோனேட் முதுகெலும்பு, இடுப்பு முறிவுகளை ஏறக்குறையப் பாதியாக்கியது. இதன் பெரிய பலம் எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் தங்குவது. ஐந்து வருடம் எடுத்தவர்களில் நிறுத்தியவரையும் தொடர்ந்தவரையும் ஒப்பிட்ட 2006 ஆய்வில், மற்ற முறிவுகள் இரு பக்கமும் ஒரே அளவுதான். வலியோடு தெரியவரும் முதுகெலும்பு முறிவு மட்டும் நிறுத்தியவர்களிடம் கொஞ்சம் கூடுதல். இடையில் ஒரு மாதம் மறந்தாலும் பெரிய விபரீதம் கிடையாது. ஊருக்கும் மும்பைக்கும் அலைகிறவருக்கு இதைவிட மன்னிக்கும் குணமுள்ள மருந்து இல்லை.

ஆனால் எடுக்கும் முறை கண்டிப்பானது. விழுங்கிய மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. காபி, பால், கால்சியம், மினரல் வாட்டர் எது சேர்ந்தாலும் அந்தக் கொஞ்சமும் போய்விடும். வெறும் வயிற்றில், நிறைந்த ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினாலோ மேலேறி வந்தாலோ புண்ணாகும்.

தாராவியில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்குள் குடம் நிரப்பி, குனிந்து குனிந்து இட்லிப் பானையை இறக்கும் அம்மா, எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டுக் குனிந்து வேலை செய்தால் நெஞ்சு எரியும். ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை’ என்று இரண்டாவது வாரமே நிறுத்துவார். ஒத்துக்கொள்ளாதது மாத்திரை அல்ல, அந்த நேரம்தான். கடை இல்லாத நாளாகப் பார்த்து, தண்ணீர் பிடிக்கும் வேலை முடிந்த பிறகு, முதல் காபிக்கு அரை மணி முன் போட்டு, நின்றோ உட்கார்ந்தோ இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு வராது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் எடுப்பவர்கள், அந்த ஒரு நாள் மட்டும் எலும்பு மாத்திரையை முதலிலும், அரை மணி கழித்துத் தைராய்டையும், இன்னும் அரை மணி கழித்துக் காபியையும் வைத்துக்கொள்ளலாம்.

மும்பைக்கே உரிய இன்னொரு தவறு மொழியால் வருவது. ‘ஹஃப்தே மே ஏக் பார்’ (வாரம் ஒரு முறை) என்று மருத்துவர் சொன்னது, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியின் காதில் ‘ஏக் பார்’ என்று மட்டும் விழும். தினம் ஒன்றாக நான்கு நாளில் பட்டை தீர்ந்து, நெஞ்செரிச்சலோடு வந்து நிற்பார். பட்டையின் பின்பக்கம் தமிழில் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

உணவுக்குழாய் பிரச்சினை உள்ளவர்கள், கூன் விழுந்து நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், ஏற்கெனவே ஏழெட்டு மாத்திரை விழுங்குபவர்கள் ஆகியோருக்கு வருடம் ஒரு முறை டிரிப்பில் ஏற்றும் 5 மி.கி. ஜோலெட்ரோனிக் அமிலமே நல்லது. 2007 ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. மறப்பதற்கு வழியே இல்லை. பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், முன்பும் பின்பும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். பாட்டிலில் 5 மி.கி. என்று இருக்கிறதா பாருங்கள், 4 மி.கி. புட்டி புற்றுநோய் வார்டுக்கு உரியது. விட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தக் கால்சியம் சரிந்து கை மரத்து, விரல் இழுக்கும். முதல் முறை ஏற்றிய மூன்று நாளுக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் பலருக்கு வரும். பாரசிட்டமால் போதும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஏற்றினால் அந்தக் காய்ச்சல் மருந்தாலா, மலேரியாவா, டெங்குவா என்று வீடே பதறும். முடிந்தால் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கணக்கை ஒரு முறை கையாலேயே போட்டுப் பாருங்கள். 70 வயது, 45 கிலோ எடை, கிரியாட்டினின் 1.1. ஆய்வகத் தாளில் இந்த எண் தடித்த எழுத்தில் வராமலும் போகலாம். 140லிருந்து வயதைக் கழித்தால் 70. எடையால் பெருக்கினால் 3,150. அதை 72ஆலும் 1.1ஆலும் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 34. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு இது. ஜோலெட்ரோனிக் அமிலத்துக்கு எல்லை 35. இந்த அம்மாவுக்கு அது கூடாது. ஒல்லியான பாட்டிகளிடம் இந்தக் கணக்கைப் போடாமல் விடுவதுதான் பெரிய வழுக்கல்.

மாத்திரையோ டிரிப்போ, காலவரையின்றி எடுக்கும் மருந்தல்ல. மாத்திரை ஐந்து வருடம், டிரிப் மூன்று வருடம் ஆனதும் மறு பரிசீலனை. இடுப்பு இன்னும் -2.5க்குக் கீழே இருந்தாலோ முறிவு வந்திருந்தாலோ தொடரலாம். இல்லாவிட்டால் ஓய்வு கொடுக்கலாம். நெடுங்காலம் எடுத்தால் அரிதாகத் தொடையெலும்பின் நடுவில் ஒரு விசித்திர முறிவு வரும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தொடையிலோ இடுப்புக் கவட்டையிலோ மந்தமான வலி தெரியும். அதைத் ‘தேஞ்ச வலி’ என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாமல் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தாடை எலும்பு சிதைவதும் எலும்பு மெலிவுக்கான அளவில் அரிதுதான். ஆனாலும் வெற்றிலை, புகையிலையால் பல் ஆடிக்கொண்டிருப்பவர்கள் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே டிரிப்போ ஊசியோ தொடங்க வேண்டும்.

ஆறு மாத ஊசி: நல்ல மருந்து, தவணை தவறினால் பழிவாங்கும்

டெனோசுமாப் 60 மி.கி., தோலுக்கடியில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 2009 ஆய்வில் முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் மந்தமானவருக்கும் போடலாம். ஆனால் மிகவும் பழுதான சிறுநீரகத்தில், குறிப்பாக டயாலிஸிஸில் இருப்பவருக்கு, ரத்தக் கால்சியம் உயிருக்கு ஆபத்தான அளவு சரியலாம். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் இதற்காகவே கட்டம் கட்டி எச்சரித்தது.

இந்த ஊசிக்கு எலும்பில் தங்கும் பழக்கம் இல்லை. விளைவு ஆறு மாதத்தில் தீர்ந்து, அடுத்த ஊசி வராவிட்டால் அடக்கி வைத்திருந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பும். கூடிய அடர்த்தி ஒரு வருடத்துக்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும், சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கும். ஆறு மாதம் ஆனபின் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்துவது என்றால், அடுத்த ஊசி போட வேண்டிய நாளில் ஜோலெட்ரோனிக் அமிலமோ வார மாத்திரையோ தொடங்கியே தீர வேண்டும்.

அதனால் முதல் ஊசியின் மாதத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நவம்பரில் போட்டால் அடுத்தது மே. பள்ளி விடுமுறை, ஊர்க் கொடை, கல்யாணங்கள் எல்லாம் கூடும் மாதம். வீடே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறியிருக்கும். திரும்பி வந்து, மழை விட்டு, மருத்துவரைப் பார்ப்பதற்குள் ஆகஸ்ட் ஆகிவிடும். ஜனவரி, ஜூலை என்று வைத்தால் இரண்டு தடவையும் பெரும்பாலும் மும்பையில்தான் இருப்பார். ஊரில் போட நேர்ந்தால் இங்கிருந்து ஊசியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. முப்பது மணி நேர ரயிலில் ஐஸ் பை உருகி வெந்நீராகும், இல்லாவிட்டால் ஐஸோடு நேராக ஒட்டி மருந்து உறைந்து கெடும். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ கடையில் முன்கூட்டிச் சொல்லி வரவழைப்பதே மேல். தனியாக இருக்கும், தவணையை நினைவூட்ட ஆளில்லாத முதியவருக்கு இந்த ஊசியை நாங்கள் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்.

கட்டும் மருந்து

இதுவரை சொன்னவை எல்லாம் கரைவதைத் தடுப்பவை. டெரிபாராடைடு வேறு வகை. பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. தினம் 20 மைக்ரோகிராம் பேனா ஊசியால் போட்டுக்கொண்டால் புது எலும்பைக் கட்டும். செலவு அதிகம், உச்சவரம்பு 24 மாதம். முதுகெலும்பு ஏற்கெனவே இரண்டு ஒடிந்தவர், டி-ஸ்கோர் -3.5க்குக் கீழே போனவர் போன்றவர்களுக்கு இதில் தொடங்குவது புத்திசாலித்தனம். எலும்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், எலும்புப் புற்று உள்ளவர்களுக்கும், அல்கலைன் பாஸ்ஃபடேஸ் காரணமின்றிக் கூடியிருப்பவர்களுக்கும் ஆகாது. போட்டதும் தலைசுற்றலாம் என்பதால் படுக்கைக்குப் போகும் முன் உட்கார்ந்து போடச் சொல்வது வழக்கம். திறந்த பேனாவைக் குளிர்பெட்டியில் வைத்து 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். முடிந்ததும் அலெண்ட்ரோனேட்டோ ஜோலெட்ரோனிக்கோ போட்டுப் பூட்டாவிட்டால் கட்டியது கரையும். வரிசையைத் திருப்பி, டெனோசுமாப் போட்டுக்கொண்டிருந்தவரை இதற்கு மாற்றினால் இடுப்பு அடர்த்தி சில காலம் குறையவே செய்யும். கட்டுவது முதலில், பூட்டுவது பிறகு.

அப்பாக்களுக்கு

ஆண்களுக்கு ‘டெஸ்டோஸ்டிரோன் போட்டால் எலும்பு பலமாகும்’ என்பது பாதி உண்மை. அடர்த்தி எண் கூடுகிறது. ஆனால் ஹார்மோன் குறைந்த 45 முதல் 80 வயது ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் எலும்புப் பகுதி 2024ல் வந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களில் 3.50 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 2.46 சதவீதம் பேருக்கும் முறிவு. குறையவில்லை, கூடியது. ஆகவே அறிகுறிகளோடு காலை ரத்தத்தில் இரண்டு முறை குறைவு என்று உறுதியானவர் அந்தக் காரணத்துக்காக எடுக்கலாம். எலும்புக்கு என்று எடுப்பதில் அர்த்தமில்லை. அவருக்கும் அலெண்ட்ரோனேட்டோ ஜோலெட்ரோனிக்கோதான்.

ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்களைக் குடும்பம் கவனிப்பதில்லை. பரேலில் புராஸ்டேட் புற்றுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவுக்கும், மார்பகப் புற்றுக்குப் பின் லெட்ரோசோல் விழுங்கும் சித்திக்கும் எலும்பு வேகமாகக் கரைகிறது. தொடங்கும்போதே டெக்ஸா எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

எந்த மருந்தானாலும் அடியில் கால்சியமும் விட்டமின் டியும் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்வது நாளுக்கு 1,200 மி.கி. கால்சியம். ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்கு, 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. பற்றாக்குறைக்கு மட்டும் மாத்திரை. கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு, தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி. 60,000 யூனிட் விட்டமின் டி பொட்டலம் வாரம் ஒன்று, எட்டு வாரம். தினம் ஒன்றாகக் குடித்து வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருபவர்கள் இருக்கிறார்கள். ஈரமான மோரியில் (குளிக்கும் இடத்தில்) ஒரு ரப்பர் விரிப்பும் சுவரில் ஒரு கைப்பிடியும் எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல, அதிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

மறு ஸ்கேன் இரண்டு வருடம் கழித்து, அதே மையத்தில், அதே கருவியில். வேறு கருவி என்றால் எண்களை ஒப்பிடவே முடியாது. எண் ஏறாமல் அப்படியே நின்றால் அது தோல்வி அல்ல. கரைவது நின்றிருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக இறங்கியிருந்தால், மருந்தை மாற்றும் முன் வார மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.